செக் மக்களிடம் மாப்பிள்ளை விசாரித்தவர்

“இது நீங்க பாத்ததா, கேட்டதா?”

இந்த ஒரு கேள்வியால் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் எத்தனையோ நல்ல வதந்திகள் அற்பாயுசில் போயிருக்கின்றன. கீழ்த்தளத்துப் பரோட்டாக் கடைக்காரர் ஏன் திடீரென்று ஊருக்குப் போனார், ஒன்பதாம் மாடிக்குப் போலீஸ் எதற்கு வந்தது என்று யாராவது குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து இந்தக் கேள்வியைப் போடுவார். சொன்னவர் “கேட்டதுதான்” என்று முணுமுணுத்தால், “அப்ப பாத்தது யாரு? வாங்க, அவர்கிட்டயே போவோம்” என்று நிஜமாகவே செருப்பைத் தேடுவார்.

தோ பாயோவில் பல வருடம் அவர் எனக்குப் பக்கத்துக் கதவு. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று இப்போதும் எங்கிருந்தாவது விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒருமுறை ஒருவர், சுவா சூ காங் மயானச் சாலையில் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்ததால் தன் கார் தடுப்பில் மோதியது என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகமே சிரித்ததாம். இவர் பஸ் ஏறிப் போய், வெயிலில் அலைந்து, ஒரு கல்லறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த சீன மாதைக் கண்டுபிடித்தார். அந்த மாது பன்றியைப் பார்த்திருந்தார், குட்டிகளோடு. அன்று சாயங்காலம் என் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, “குட்டிங்களோட அண்ணே! குட்டிங்களோட!” என்று அவர் குதித்ததை மறக்க முடியவில்லை. ஐம்பது தாண்டிய மனிதர் அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் பொய் என்று ஒதுக்கியது மெய்யாகிவிட்டால் அவருக்கு அவ்வளவு ஆனந்தம்.

ஆனால் அவர் புகழ்பெற்றது மாப்பிள்ளை விசாரிப்பில். புளோக்கில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், ஜாதகத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் முகவரி அவரிடம் போய்விடும். மூன்று சாட்சி வேண்டும் என்பார்: பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், சண்டை போட்டவர்.

“சொந்தக்காரன் சாட்சி செல்லாது. மூணாவது ஆளுதான் முக்கியம்லா. சண்டை போட்டவன் வாயிலேர்ந்து ஒரு நல்லது வந்தா, அது சொக்கத் தங்கம்.”

தஞ்சோங் பகாரில் மேலாளராக இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பையனை, அந்தக் கட்டடத்து உணவங்காடியில் பக்கத்து மேசையிலிருந்து மதியம் முழுக்கக் கவனித்துவிட்டு வந்தார். “மேனேஜர்தான். ஆனா அது முக்கியமில்ல. தட்டு எடுக்க வந்த ஆன்ட்டிக்கு, போன்ல பேசிக்கிட்டிருந்தவன், போனை எறக்கி வச்சிட்டு ‘தேங்க்யூ’ சொன்னான். கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க” என்றார். கொடுத்தார்கள். தேக்காவில் கல்யாணம், பந்தியில் இவருக்கு முதல் இலை.

எல்லாம் அப்படி இனிப்பாக முடிந்ததில்லை. எங்களுக்கு நேர் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். டீச்சரம்மா என்போம். அவருடைய மகனுக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் இவரிடம் வந்தார்கள். மகனுக்கு ஜொகூரில் ஏற்கெனவே ஒரு பதிவுத் திருமணம் நடந்து, முறிந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். இவர் கண்டதைப் பெண் வீட்டாரிடம் மட்டும் சொன்னார்; எங்களுக்கெல்லாம் அவர்கள் மூலம்தான் தெரியும். கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து டீச்சரம்மா இவரோடு ஒரே மின்தூக்கியில் ஏறுவதில்லை. நனைந்த துணி சொட்டும் மூங்கில் கழிகளை மட்டும் இவர் வீட்டு ஜன்னலுக்கு மேலாகவே நீட்டுவார். “பொய் சொல்லியிருக்கலாம்ல, பாவம் பையன்” என்று நான் ஒருநாள் சொன்னேன். “சொல்லியிருக்கலாம். அப்புறம் அந்தப் பொண்ணு என்னைய வந்து கேக்குமே, நீங்க பாத்ததா கேட்டதான்னு” என்றார். அன்று அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இந்த மனிதருக்கு ஒரே மகள். பிராக் நகரத்தில் கணினி வேலை. கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்னால், தீபாவளி பலகாரத்தோடு என் வீட்டுக்கு வந்தவர் தட்டைக் கொடுக்க மறந்து நின்றார்.

“அண்ணே, பாப்பா ஒரு பையனைப் பாத்து வச்சிருக்கு. துருக்கிக்காரன். அங்கதான் வேலை செய்றான்.”

பின்னாலேயே அவர் மனைவி வந்தார். “மதம் மாற வேணாமாம், ரெண்டு பேரும் அவங்கவங்க சாமிய வச்சிக்கலாமாம், டவுன் ஹால்ல கையெழுத்துதானாம். எவ்ளோ ஈசியா சொல்றா பாருங்க! அவனுங்க யாரு, என்னான்னு நமக்குத் தெரியுமா? எனக்கு வேணாம் அண்ணே. ஆனா அவ என்ன சொல்றா தெரியுமா? அப்பா வந்து நின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன், இல்லாட்டி போடவே மாட்டேன்கறா.”

ஆக, எல்லாம் அவர் தலையில் வந்து நின்றது. அவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் மகள் அங்கே தனியாக, பிடிவாதமாக இருந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் விசாரித்தவர், தன் மகளுக்கு விசாரிக்க வழி தெரியாமல் நின்றார். பையனின் ஊர் துருக்கியில் கொன்யா. அங்கே போய்க் காப்பிக்கடையில் உட்கார முடியாது. பையனின் வேலையிடத்தில் மகளே இருக்கிறாள். அவள் சொந்தக்காரி, சாட்சி செல்லாது.

“நீங்க வரலாறு படிக்கிற ஆளு. துருக்கிக்காரனைப் பத்தி யாருகிட்ட கேக்கலாம்?”

ஆண்டுகளைத் தேடித் திரிவது என் பைத்தியம். விளையாட்டாகத்தான் சொன்னேன்: “பொண்ணு இருக்கிற ஊர்க்காரங்ககிட்டயே கேளுங்க. செக் ஆளுங்களுக்கும் துருக்கிக்காரங்களுக்கும் எரநூறு வருசத்துக்கு மேல வம்பு.”

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. “சண்டை போட்டவங்களா?”

“ஆமா.”

“மூணாவது சாட்சி!” என்று தட்டை என் கையில் திணித்தார். “எப்ப கெளம்பலாம்?”

அப்படித்தான், உலகத்திலேயே யாரும் செய்யாத ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு தொடங்கியது. சனிக்கிழமைதோறும் இருவரும் நூலகத்துக்குப் போவோம். நான் ஆங்கில நூல்களில் புரட்டிச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். நாற்பது வருடம் தனியாகப் படித்தவனுக்கு, படித்ததைக் கேட்டுத் துள்ளுவதற்கு ஓர் ஆள் கிடைப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கும்.

“மொதல் பழக்கம் எப்ப?”

“1526. மோகாச் போர்க்களம். செக் நாட்டுக்கும் ஹங்கேரிக்கும் ஒரே ராஜா. இருபது வயசு. அதுல செத்துப்போனார்.”

“வெட்டினாங்களா?”

“தப்பிச்சு ஓடறப்ப ஓடையில விழுந்து மூழ்கிட்டார்னு சொல்றாங்க.”

“அப்ப அது ஆக்சிடென்ட். தனியா வைங்க.”

எங்களைப் பார்த்து ஒரு நூலக ஊழியர் உதட்டில் விரல் வைத்தார்.

பிராக் பற்றிய செய்திதான் அவரைத் தூங்கவிடவில்லை. துருக்கிப் படை அந்த நகரத்துக்குள் வந்ததே இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. மணி அடித்தால் மண்டியிட்டு, துருக்கியரிடமிருந்து காப்பாற்று என்று வேண்டிக்கொண்டார்கள். குழந்தைகளை ஈட்டியில் குத்துவதாகப் படம் அச்சடித்து விற்றார்கள். ஒரு பிரபு குடும்பத்தின் கேடயச் சின்னத்தில், துருக்கியன் தலையில் உட்கார்ந்து ஒரு காகம் கண்ணைக் கொத்துகிறது. இதையெல்லாம் அவர் வீட்டில் போய்ச் சொல்ல, மனைவி, “பாத்தீங்களா! பக்கத்துல இருந்தவங்களே இப்பிடிச் சொல்றாங்க!” என்றாராம்.

“படம் போட்டவன் துருக்கிக்காரனைப் பாத்திருக்கானா அண்ணே?”

“அநேகமா இல்ல.”

“தள்ளுபடி.” கையை வீசினார். “கேட்டது.”

எனக்கும் உற்சாகத்தில் ஒன்று தோன்றியது. நம் ஊர்களிலும் துருக்கியரைக் கண்ணால் காணாதவர்கள்தானே, பக்கத்துத் தெருவில் நம் தமிழையே பேசிக்கொண்டிருந்த முஸ்லிம்களுக்கு அந்த இனத்தின் பெயரைச் சூட்டினார்கள் என்றேன். அவர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார்.

ஆனால் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. 1663-இல் சுல்தானின் படையோடு வந்த குதிரைக்காரர்கள் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவுக்குள் புகுந்து ஊர்களை எரித்தார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படித்துச் சொன்னேன்.

“இது பாத்ததா?”

“பாத்தது. அனுபவிச்சது.”

அவர் எழுந்து நூல்களை அடுக்கிவைத்தார். திரும்பி வந்து தோ பாயோவில் ரயிலை விட்டு இறங்கும்போது, “இது நிக்கும். இதைத் தள்ளுபடி பண்ண முடியாது” என்றார். அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்கு வரவில்லை. மகள் போனில் அழுததாக அவர் மனைவி சொன்னது சுவர் வழியாக எனக்கே கேட்டது. அந்த வாரம் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

நான் சும்மா இருக்க முடியாமல் தனியாகப் போய்ப் படித்தேன். செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹேமியாவிலிருந்து சுல்தானின் ஊருக்குத் தூதர்களோடு போய்ப் பிடிபட்டு, விலங்கிட்ட காலோடு துடுப்பு வலித்து, கோட்டைச் சிறையில் கிடந்து, உயிரோடு திரும்பியவர்களின் நினைவுகள் இருக்கின்றன. சாபம் நிறைய. ஆனால் சபித்துக்கொண்டே, அந்த ஊர்த் தோட்டங்களை, குளிக்கும் மண்டபங்களை, படையின் ஒழுங்கை வியக்கிறார்கள். இதை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.

“அடி வாங்கினவனா சொல்றான்?”

“அடி வாங்கினவன்தான்.”

கதவைத் திறந்து உட்காரச் சொன்னார்.

“இன்னொண்ணு. 1618-ல பிராக் கோட்டையில சண்டை. ராஜாவோட அதிகாரிங்க ரெண்டு பேரையும் ஒரு எழுத்தரையும் ஜன்னல் வழியா வெளியே தூக்கிப் போட்டுட்டாங்க. மூணு பேரும் பிழைச்சாங்க. ரெண்டு வருசம் கழிச்சு சுல்தானோட தூதர் ஒருத்தர் பிராக் வர்றார். வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? அந்த ஜன்னலைக் காட்டுங்கன்னார்.”

அவர் எழுந்தே விட்டார். “என்னது?”

“ஆளுங்களைத் தூக்கிப் போட்ட இடத்தைப் பாக்கணும்னு—”

“கேட்டது போதாதுன்னு ஜன்னலையே பாக்க வந்துட்டானா!” அறையைச் சுற்றி நடந்தார். “ஏய், இங்க வா! இதக் கேளு! நம்ம ஆளுடீ இவன்! நம்ம ஆளு!”

மனைவி கரண்டியோடு வந்தார். “நானூறு வருசத்துக்கு முன்ன எவனோ ஜன்னலைப் பாத்தான்னு எம்பொண்ணக் குடுக்கணுமா? அவ அனுப்புன போட்டோவக் காட்டுங்க அண்ணேகிட்ட.”

பிராக் நகரத்துப் பெரிய கல்பாலத்தில், 1714-இல் வைத்த ஒரு சிலைக்கூட்டம் இருக்கிறது. கீழே சிறைக்கூண்டில் கைதிகள் கும்பிட்டுக் கிடக்க, வெளியே வாளும் நாயுமாகக் காவல் நிற்கிறார் ஒரு துருக்கியர். தொந்தியும் சலிப்பும். பயமுறுத்தவென்று செதுக்கப்பட்டவர், காலப்போக்கில் ஊருக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். மேலே நிற்கும் புனிதர்களை யாரும் பார்ப்பதில்லை. மகள் அனுப்பிய படத்தில், அந்தச் சிலைக்குக் கீழே மாப்பிள்ளை அதே மாதிரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான்; பக்கத்தில் கைதி மாதிரிக் கும்பிட்டுக்கொண்டு அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

“வயிறு அப்பிடியே இருக்கு” என்றார் மனைவி. சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று உள்ளே போய்விட்டார். ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. “குடும்பம் எப்பிடின்னு தெரியாம, நான் மாட்டேன்” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மனைவியை மீறி அவர் மட்டும் போய் நிற்கிற ஆளில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இருவரும் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் பானங்கள் விற்கும் தண்ணிக் கடையில் ஏதோ கேட்டுவிட்டு, எங்கள் மேசைக்கு வந்தார்.

“அஸ்ஸலா... வணக்கம் அண்ணே. நீங்க இந்த புளோக்தானே? பதினோராவது மாடியில ஒரு தமிழ்க் குடும்பம். பொண்ணு யூரோப்ல இருக்காம். எப்பிடி அவங்க?”

என் கோப்பை பாதி வழியில் நின்றது. பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீங்க யாரு தம்பி?”

“கம்போங் கிளாம்ல துருக்கிக்காரர் ஒருத்தர் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கார். நான் அங்க கேஷியர். என் பாஸோட அக்கா பையனுக்குத்தான் இந்தப் பொண்ணாம். அந்தம்மா கொன்யாவிலேர்ந்து டெய்லி போன்: இந்தியாக்காரங்க எப்பிடி, மாட்டைக் கும்பிடுவாங்களாமே, மருமகனை வீட்டோட வச்சிக்குவாங்களாமேன்னு. பாஸ் எங்கிட்ட, நீ தமிழ்தானே, போய் விசாரிச்சிட்டு வான்னுட்டார்.”

நான் நண்பரின் முழங்காலைக் கிள்ளினேன். சொல்லிவிடுங்கள், நீங்கள்தான் அது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன், தங்கமான குடும்பம் என்று. அவர் கண்ணைத் திறந்தார். கண்ணெல்லாம் ஒளி.

“எத்தனை பேர்கிட்ட விசாரிச்சீங்க?”

“தண்ணிக் கடையில கேட்டேன். நல்ல மனுஷன், காப்பிக்குச் சீனி போடமாட்டார்னாங்க.”

“பத்தாது தம்பி. இவர்கிட்ட கேக்காதீங்க, இவர் சிநேகிதர். எங்கிட்டயும் கேக்காதீங்க, என் சாட்சி செல்லாது. அந்த ஆளோட சண்டை போட்டவங்க ஒருத்தர் இருக்காங்க. பன்னெண்டாவது மாடி, லிஃப்ட்லேர்ந்து எறங்கி லெஃப்ட்ல மூணாவது வீடு. டீச்சரம்மா. அவங்க சொல்றத அப்பிடியே போய்ச் சொல்லுங்க.”

கேஷியர் நன்றி சொல்லிவிட்டு மின்தூக்கிக்குப் போனார்.

“உங்களுக்குப் பைத்தியமாலா?” என்று நான் கத்தினேன். “அந்தம்மா உங்களை ஒழிச்சிக்கட்டக் காத்துக்கிட்டிருக்காங்க! பாப்பா வாழ்க்கை!”

“தெரியும்.” அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். “ஊருக்கெல்லாம் மூணு சாட்சி, எனக்கு மட்டும் ரெண்டா?”

காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியது. மேலே பார்த்தால் டீச்சரம்மாவின் கழிகளில் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. கேஷியர் வெகுநேரம் கழித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“யப்பா! என்னா ஏச்சு! எம்மவன் கல்யாணத்தைக் கெடுத்தவன், தலைக்கனம் புடிச்சவன், ஊர் வம்பெல்லாம் அவனுக்குத்தான்னு நிறுத்தவே இல்ல.” இவர் தலை குனிந்தது. “நான் கும்பிடு போட்டுக் கெளம்பிட்டேன். கதவ மூடிட்டு மறுபடி தொறந்தாங்க. ‘ஆனா ஒண்ணு. என் மவனைப் பத்தி அவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல. அத வச்சு வேற யாருகிட்டயும் அவன் பேசினதும் இல்ல. அந்த வீட்டுல வளந்த பொண்ணுக்குப் பொய் வராது. எடுத்துக்கச் சொல்லு’ன்னு சொல்லிட்டு, பட்டுன்னு சாத்திட்டாங்க.”

நண்பர் மேசையில் கிடந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேஷியருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. “அண்ணே... நீங்க?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் பதறிப் போய் இரண்டு கைகளாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போய்ச் சொன்னபோது, மனைவி முதலில் கொதித்தார். “நம்மள விசாரிக்க ஆள் அனுப்பியிருக்காங்களா? மாட்டைக் கும்பிடுவோமான்னு கேட்டாங்களா? என்னா திமிரு!” பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு, ஆள் புடிச்சு அனுப்பி விசாரிக்கிறாங்கன்னா... கொஞ்சம் மரியாதையான குடும்பம்தான் போலிருக்கு” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அங்க குளிருமாமே. ஸ்வெட்டர் வாங்கணும்” என்றார்.

அவர்கள் பிறகு மகளோடேயே இருக்கப் போய்விட்டார்கள். இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் வேறு குடும்பம். இங்கே வதந்திகள் மறுபடி நன்றாகக் கொழுக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தின நாள் பாலத்திலிருந்து அவர் அனுப்பிய படத்தை நான் அழிக்கவில்லை. கனத்த ஸ்வெட்டரில், தொந்திக்காரச் சிலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்:

“முந்நூறு வருசமா இவரைப் பத்தி ஊரே பேசியிருக்கு அண்ணே. பாவம், இவரோட பேர்கூட யாருக்கும் தெரியல. நாளைக்குக் கையெழுத்து முடிஞ்சதும் மறுபடி வர்றேன்னு இவர்கிட்டயே சொல்லியிருக்கேன்.”